இரண்டு வண்டியும் ஒரு வளைவும்

பழைய கார் வைத்திருப்பவனுக்கும் பல்வலிக்காரனுக்கும் பேச வேறு விஷயம் கிடையாது, ஐயா. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது சிவப்பு. மாப்பிள்ளையுடையது, அதாவது என் தங்கை புருஷனுடையது, நீலம். இரண்டையும் உந்துவது பின்சக்கரம். இரண்டும் வேகத்துக்கென்றே பிறந்தவை. எது உசத்தி என்ற வழக்கு எங்களுக்குள் பத்தொன்பது வருஷமாக ஓடியது.

நேர்சாலையில் என் சிவப்புதான் முந்தும். மழை பெய்தாலோ, கல்குவாரி வளைவில் அதன் பின்பக்கம் விலாங்கு மாதிரி வழுக்கும். நீலம் மட்டும் ஆணி அடித்தாற்போல் திரும்பும்.

"மச்சான், உங்க வண்டி காய்கறி வாங்கப் போகத்தான் லாயக்கு" என்பார், நாலு பேர் முன்னால்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரே எடை, ஒரே டயர். அவருக்கு மட்டும் எப்படி? செவ்வாய்க்கிழமை காலை அவர் குளிக்கப் போன நேரம் டிக்கியைத் திறந்தேன். விரிப்புக்கு அடியில், பின்சக்கரங்களுக்கு நேர் மேலே, அவை வழுக்காமல் அழுத்திப் பிடிக்க இரண்டு மணல் மூட்டைகள். பத்தொன்பது வருஷமாக என்னை ஜெயித்தது மணல்.

மூட்டைகளை அவர் தோட்டத்திலேயே கொட்டினேன், செடிக்கு நல்லது. விரிப்பைப் பழையபடி போட்டேன். ஒப்பிடுவதென்றால் நியாயமாக ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

மழை பிடித்துக்கொண்டது. "மாப்ளே, இன்னிக்கு முடிவு பண்ணிடலாமா?" என்றேன்.

"தோத்துட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது, மச்சான்" என்று சிரித்தபடி சாவியை எடுத்தார்.

தங்கையும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவள் கிட்டத்தட்ட இரண்டு மூட்டை எடை இருப்பாள். பின்னால் உட்காரச் சொல்ல வாயெடுத்தேன். போட்டியில் தலையிடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

"அண்ணா, நீ கெளம்பலையா?"

"நீங்க முன்னாடி போங்கம்மா. பின்னாலயே வர்றேன்."

வளைவில் தடுப்புச் சுவர் உடைந்திருக்கிறதே, அது அவருடைய வழக்கமான வேகம்தான். அன்றைக்கென்று கூட்டவில்லை. பள்ளம் நாற்பதடி என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். இரண்டு பேரையும் மேலே கொண்டுவர மத்தியானம் ஆகிவிட்டதாமே.

பின்னாலேயே கிளம்பத்தான் நினைத்தேன், ஐயா. ஆனால் நல்ல மழை. பின்சக்கர வண்டி, டிக்கியில் பாரமும் இல்லை. அந்த வளைவில் எவனாவது போவானா?