ஜன்னல் பக்கத்து இரண்டு போல்ட்டுகள்

நானூறு சதுர அடி வீட்டை ஆட்களுக்குக் காட்ட ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியைப் போலத் தோதான நேரம் கிடையாது. வெயில் உள்ளே வந்திருக்கும். கீழே பேக்கரியில் ரொட்டி வேகும் வாசனை வரும். தெருவில் கூட்டம் இருக்கும், ஹார்ன் சத்தம் இருக்காது. இருபத்திரண்டு வருடமாக வீட்டுத் தரகு பார்க்கிறவள் சொல்கிறேன், ஐயா, நம்பலாம். மற்றதையும் இப்படியே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்திக் கேட்க வேண்டிய தேவை இருக்காது.

அந்த வீடு ஒரு பழைய அச்சகக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. இயந்திரங்கள் நின்ற கூடம் என்பதால் கூரை நல்ல உயரம். பாதி உயரத்தில் பரண் மாதிரி ஒரு தளம் போட்டு, படுக்கையை அங்கே வைத்திருந்தார்கள். ஏறுவதற்கு இரும்புப் படி, விளிம்பில் இடுப்பளவு கைப்பிடிக் கம்பி. கீழே சமையல் மேடை, ஒரு சோபா, கருங்கல் தரை. 'கச்சிதமான பரண் வீடு, கடைத்தெருவுக்கு நடுவில், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்' என்று விளம்பரம் எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அங்கே முன்பு வாடகைக்கு இருந்தவள் என் தங்கை. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். கம்பி ஆடுகிறது, ஆள் அனுப்புங்கள் என்று வீட்டுக்காரருக்கு மூன்று முறை செய்தி அனுப்பினாள். மூன்று முறையும் 'பாக்கலாம்மா' என்று பதில் வந்தது. பிறகு ஒரு நாள் போர்வையை உதற விளிம்புக்குப் போனவள் கம்பியோடு கீழே விழுந்தாள். பிணவறையில் நான்தான் அடையாளம் சொன்னேன். முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை, காதுக் கம்மலை வைத்துச் சொன்னேன்.

வீட்டுக்காரர் விசாரணையில், அந்தப் பெண் எப்போதும் ஒரு மாதிரிதான் இருப்பாள், அவளே குதித்திருப்பாள் என்று வாய் கூசாமல் எழுதிக் கொடுத்தார். விழுந்த வேகத்தில் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்ததாம். தங்கை அனுப்பிய செய்திகளை நானே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும், அவளுக்கு என்ன பிரச்சினை, யாரையாவது விரும்பினாளா என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டை விற்க, நல்ல தரகர் என்று யாரோ சொல்லி, அவர் என்னைத் தேடி வந்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை. செத்தவளுக்கு ஓர் அக்கா இருப்பாள் என்று யோசிக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"முன்னாடி ஒரு பொண்ணு இருந்துச்சும்மா. கொஞ்சம் மனசு சரியில்லாத பொண்ணு. வர்றவங்ககிட்ட அதெல்லாம் பேச வேணாம். கம்பிய புதுசா போட்டாச்சு, பாருங்க, அசையாது. நாலு போல்ட்டு. வெல்டர் வந்து அரை நாள்ல முடிச்சுட்டுப் போயிட்டாரு."

அரை நாள். வெறும் அரை நாள் வேலை, ஐயா. என் தங்கை உயிரோடு இருந்தபோது அந்த அரை நாள் அவருக்குக் கிடைக்கவில்லை. வீட்டை விற்க வேண்டும் என்றதும் கிடைத்துவிட்டது. அவர் சரிசெய்யாமலே விட்டிருந்தால்கூட நான் இந்த அளவுக்குப் போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வாரமே வியாழக்கிழமை மதியம் தனியாகப் போய், ஜன்னல் பக்கத்து இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினேன். ஓட்டையை அடைத்து, மேலே அதே கறுப்பு வண்ணத்தைத் தடவினேன். எதையும் நான் கெடுக்கவில்லை. என் தங்கை இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைத்தேன். அது அவருக்காகச் செய்தது. இதைத் தயவுசெய்து தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மனிதர் மேலே ஏறவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் வருவார், சோபாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவார். "மேல வந்து நீங்களே காட்டுங்களேன் சார்" என்று எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்தேன். "முட்டி வலிம்மா, நீங்களே காட்டுங்க" என்பார். முட்டி வலியாம். மூன்று மாடி ஏறி வர மட்டும் வலிக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் எங்கே குறையோ அங்கே தரகர் போய் நின்றுகொள்வார். ஓடு உடைந்திருந்தால் அதன்மேல் நிற்போம், சுவரில் ஈரம் இருந்தால் அதில் முதுகைக் காட்டி நின்று பேசுவோம். வருகிறவர்கள் மரியாதைக்கு அந்தப் பக்கம் வர மாட்டார்கள். அப்படித்தான் பதினோரு குடும்பங்களுக்கு வீடு காட்டியபோதும் ஜன்னல் ஓரக் கம்பியை மறைத்து நானே நின்றேன். ஒரு குழந்தை ஓடி வந்தபோது தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். என்னை ராட்சசி என்று எழுதுகிற பத்திரிகைக்காரர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

பன்னிரண்டாவதாக வந்தவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் பெண். தனியாக வந்திருந்தாள். என் தங்கை வயதுதான் இருக்கும். வீடு அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "மேடம், நாளைக்கே பேசி முடிச்சிடலாமா?" என்று கேட்டாள். கீழே வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்கு ஒன்று புரிந்தது. நாளைக்கு வீடு கைமாறிவிடும். அதன் பிறகு இந்தக் கம்பி அவருடையது இல்லை, என் தங்கையும் அவருக்கு யாரோ. மனிதர் கை கழுவிக்கொண்டு போய்விடுவார்.

"இங்கிருந்து தெரு தெரியுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நல்லாத் தெரியுமே" என்றேன். ஒரு அடி நகர்ந்துகொண்டேன்.

அவள் கம்பியில் சாய்ந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "வெயில் நல்லா வருது" என்றாள். 'ஜாக்கிரதை' என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார். எல்லாவற்றையும் முழுதாகப் பார்த்தார். இந்த முறை, அவளே குதித்தாள் என்று எழுதிக் கொடுக்க அவரால் முடியாது. மூன்று நாளில் அவரைக் கைது செய்தார்கள். பழைய கோப்பும் திறந்தது. அம்மா அன்றைக்குத்தான் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு ஓர் அக்கா. பிணவறை வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சி கடைசியா என்னக்கா சொன்னா?" என்று அழுதாள். வெயிலைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை. "விட்டுடாதம்மா. நாம விட்டா நம்ம பிள்ளைங்க மேலயே பழியப் போட்டுடுவாங்க. ஒவ்வொருத்தரா போய்க் கேளு" என்றேன்.

கேட்டாள். சொன்னபடியே ஒருவரையும் விடவில்லை. நான்கு மாதம் அலைந்து, வேறு பகுதிக்குப் போய்விட்ட அந்த வெல்டரைக் கண்டுபிடித்தாள். நான்கு போல்ட்டு போட்டேன் என்று அவர் சொன்னதைக் கேட்டு, இரண்டு எங்கே போயின, சாவி யாரிடம் இருந்தது என்று உங்களிடம் வந்து நின்றவளும் அவள்தான். என் மேசை டிராயரிலிருந்து நீங்கள் எடுத்தவை அந்த இரண்டு போல்ட்டுகள்தான். எறிந்திருக்கலாம், மனம் வரவில்லை.

நேற்று இங்கே உங்கள் முன்னாலேயே அவள் என் முகத்தில் காறித் துப்பினாள். துடைத்துக்கொண்டேன். தங்கையைப் பறிகொடுத்தவளின் கோபம் எனக்குத் தெரியாததா. ஆனால் அவள் ஏன் என்மேல் கோபப்படுகிறாள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஐயா. அவளுக்காகத்தானே நானும் அந்த ஆளை உள்ளே வைத்தேன்.