முதல் பனிக்கு முன்

— பச்சத் தண்ணியவா ஊத்துன, ரேடியேட்டர்ல?

— ஆமா, அத்தா. கூலண்ட் கொறைஞ்சிருந்துச்சு. நீங்க எப்பவும் பண்றதுதானே.

— நான் பண்றது முடிச்சூர்ல, முதாசிர். இங்க தண்ணி கொதிக்கும், உறையாது. நீ கீறது கனடாவுல. அடுத்த வாரம் மைனஸ் முப்பதுன்னு நீதான சொன்ன? உள்ள ஐஸ் கட்டிச்சுன்னா இன்ஜின் பிளாக்கு தேங்கா மாதிரி பொளந்துக்கும். டர்போவுக்குள்ளயும் அதே தண்ணிதான் சுத்துது.

— மாத்திடறேன். எல்லாத்தையும் எறக்கணுமா?

— மொத்தமா எறக்கு. புது கூலண்ட பாதிக்குப் பாதி கலந்து ஊத்து. ஆயிலும் மாத்து. குளிருக்குன்னே லேசான ஆயில் விக்கும், டப்பால சீரோன்னு ஆரம்பிக்கும் பாரு, அது. காலைல ஸ்டார்ட் பண்ண ஒடனே மிதிக்காத. ஆயிலு கெட்டியா கீறப்ப மிதிச்சா டர்போ காலி. பேட்டரி எத்தினி வருசம்?

— தெரியல. வாங்கறப்பவே இருந்தது.

— அப்ப புதுசு போட்டுரு. டயரு?

— டயர் வேணாம்த்தா. இருக்கறதே போதும். ரொம்ப ஓட்டப் போறதில்ல.

— இருக்கறது வெயிலுக்கு ஓட்ற டயருடா. பனில பிளாஸ்டிக் கணக்கா ஆயிடும். பிரேக் அடிச்சா வண்டி உன் பேச்ச கேக்காது. நான் யூடியூப்ல பாத்தேன், உங்க ஊர்ல இந்த மாதிரி வண்டிய குளிருக்கு வெளியவே எடுக்க மாட்டானுங்களாம். கவர் போட்டு கேரேஜ்ல பூட்டிட்டு பஸ்ல போய்கினு கீறானுங்க. நீயும் அப்டியே பண்ணு. ஏப்ரல்ல எடுத்துக்கலாம்.

— இல்லத்தா, வண்டி எனக்கு தெனமும் வேணும்.

— இப்பதான ரொம்ப ஓட்ட மாட்டேன்ன?

— ஓட்ட மாட்டேன். ஆனா இன்ஜின் ஓடணும். ஹீட்டர் நல்லா வேலை செய்யணும்.

— ஓட்டாத வண்டிக்கு இன்னாத்துக்குடா ஹீட்டரு?

— ஒண்ணு கேக்கறேன். ஒரே எடத்துல நிறுத்தி, இன்ஜின அப்படியே ரொம்ப நேரம் ஓடவிட்டா டர்போவுக்கு ஏதாவது ஆயிடுமா?

— ரொம்ப நேரம்னா?

— சும்மா கேக்கறேன். ராத்திரி முழுக்கன்னு வெச்சுக்கோங்க.

— எவன் ராத்திரி முழுக்க ஓடவுடுவான்? அங்கதான் வண்டிலேருந்து ஒரு ஒயர இழுத்து கரண்ட்ல சொருகி வெப்பானுங்களாமே, இன்ஜின் சூடா இருக்கறதுக்கு. உன் வண்டில அந்த ஒயரு கீதா?

— இருக்கு. பம்பர்கிட்ட தொங்கிட்டிருக்கு.

— அத்த வூட்ல சொருகிடு. முடிஞ்சுது வேலை.

— நான் இருக்கற எடத்துல பிளக் பாயிண்ட் இல்ல.

— கேரேஜ்ல? வண்டி வாங்குனப்ப போட்டோ அனுப்புனியே, வெள்ளக் கதவு போட்ட கேரேஜு. அத்த நம்ம ஷெட்டுல ஒட்டி வெச்சிகினு, ஆயில் மாத்த வர்றவன்கிட்டல்லாம் எம்புள்ள வண்டின்னு காட்டிகினு கீறேன்.

— அங்க இப்ப வேற ஆள் நிறுத்தறாங்க.

— யாரு, முதாசிரா? ஏங்க, போன இப்படிக் குடுங்க. கண்ணு, அம்மா பேசறேன். சாப்டியா?

— சாப்டேம்மா.

— என்ன சாப்ட?

— பிரட்.

— பிரட்டு ஒரு சாப்பாடா? குக்கர் குடுத்தனுப்பினேனே, ரெண்டு அரிசியப் போட்டு எறக்க மாட்டியா? சரி, இதக் கேளு. ஞாயித்துக்கிழம மெஹ்ரீன் வீட்டுலேருந்து வர்றாங்க. காட்டாங்குளத்தூர் காலேஜ்ல வேலை பாக்குதே, அந்தப் பொண்ணு. அவங்க அம்மா என்னமோ, மாப்பிள்ளை தங்கியிருக்கற வீட்ட ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கன்னு கேட்டாங்க. ஹாலும் கிச்சனும் எடுத்தாப் போதும்.

— இப்ப வேணாம்மா.

— எப்பக் கேட்டாலும் இதையே சொல்லு. இல்லன்னா ஒரு மாசம் லீவு போட்டு நேர்ல வந்துட்டுப் போ.

— வேலை பர்மிட்ட புதுப்பிக்கக் குடுத்திருக்கேன். பதில் வர்றதுக்குள்ள இங்கேருந்து கெளம்பினா திரும்ப உள்ள விடமாட்டாங்கம்மா.

— ஷம்சு, போனக் குடு. முதாசிர், வீடியோ போடு. வூட்டல்லாம் காட்ட வேணாம். பானட்டத் தொறந்து அந்த பேட்டரியக் காட்டு.

— இங்க இன்னும் விடியல. இருங்க, கை வெறைக்குது. தெரியுதா?

— தெரியுது, கிட்டக்க கொண்டா. கம்பிலல்லாம் வெள்ளையா பூத்துகீது பாரு. இது தாங்காதுடா. அதென்ன, கண்ணாடிக்குப் பின்னால அட்ட?

— பனி படியாம இருக்க வெச்சேன்.

— பனி வெளிய படியும். நீ உள்ளாற வெச்சிகீற. நாலு பக்கமும்.

— ஏங்க, தொறந்த கதவாண்ட தெரியுது பாருங்க, அந்தப் பச்சப் போர்வை நான் குடுத்தனுப்புனது. சீட்டு அழுக்காயிடக் கூடாதுன்னு விரிச்சு வெச்சிருக்கான். வண்டின்னா உங்கள மாதிரியே உசுரு. கண்ணு, குக்கர ஏன் வண்டில வெச்சிருக்க?

— ரிப்பேர்மா. கடைக்குக் கொண்டுபோறேன்.

— வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள ரிப்பேரா?

— ஷம்சு, இஷா பாங்கு சொல்லிட்டான். நீ போய் ஒளு செஞ்சு தொழு.

— பேசிட்டுப் போறேனே.

— நீ போ. நான் பேசிட்டு வர்றேன்.

— சரி, கண்ணு. குல்லா போட்டுக்கோ. காத மூடிக்கோ.

— சரிம்மா.

— வீடியோவ ஆஃப் பண்ணு, முதாசிர்.

— பண்ணிட்டேன். அம்மா போயிட்டாங்களா?

— போயிட்டா.

— அத்தா, அது என்னன்னா…

— நான் ஒண்ணும் கேக்கல. சொல்றத மட்டும் கேட்டுக்கோ. பனி கொட்டுச்சுன்னா மொதல்ல எறங்கிப் போய் சைலன்சர் வாயப் பாரு. அது அடைச்சுகினா புகை உள்ளதான் வரும். வாசனையே இருக்காது. தல கனக்கும், அவ்ளோதான். கண்ணாடிய ஒரு விரல் எறக்கியே வை. ராத்திரி முழுக்க ஓடவுடாத. கொஞ்ச நேரம் ஓடவுடு, சூடானதும் நிறுத்து. குளிரு தாங்கலன்னா திரும்பப் போடு. டேங்க் பாதிக்குக் கீழ எறங்க வுடாத.

— சரித்தா.

— நான் டிக்கெட் போடறேன். வந்துடு.

— வந்தா அதோட முடிஞ்சுது. பர்மிட் வந்துச்சுன்னா திரும்ப வேலைக்கு எடுத்துக்கறோம்னு கம்பெனில சொல்லியிருக்காங்க.

— எப்ப வரும்?

— அத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. கேட்டா, வெயிட் பண்ணுங்கன்னு ஒரு மெயில் வருது.

— கூட இருந்த பசங்கல்லாம்?

— ஐசக் மட்டும்தான் இருந்தான். அவனும் போன மாசம் ஊருக்குப் போயிட்டான்.

— மெஹ்ரீன் வூட்ல இப்ப வர வேணாம்னு நான் சொல்லிக்கறேன்.

— அம்மாகிட்ட?

— அவகிட்ட இன்னா சொல்றதுன்னு இனிமேதான் யோசிக்கணும்.

— அத்தா, ஷெட்டுல இருக்கற அந்த போட்டோவ எடுத்துடுங்க.

— அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.

— வேற என்ன பண்ணணும் வண்டிக்கு?

— பின் சீட்ட மடிச்சுப் போட்டாலும் உன் ஒசரத்துக்கு நேரா படுக்க முடியாதுடா. டிரைவர் சீட்டுக்குப் பின்னால தலைய வெச்சு, டிக்கியோட எதிர் மூலைக்குக் குறுக்கால படு. காலாவது நீட்டலாம்.