பெரட்டுக்குப் போகாதீங்க

ஓடுகிறோம். ரோட்டை விட்டு, பக்கவாட்டில், தேயிலைக்குள். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறார். கவ்வாத்து வெட்டிய கிளைகள் முழங்காலைக் கிழிக்கின்றன. பின்னால் பேக்டரிச் சங்கு ஊதுகிறது. நிற்காமல் ஊதுகிறது. எனக்கு எட்டு வயது.

அன்று ஞாயிறு. வேலை இல்லாத நாள். மாலை. நோர்வூட் பக்கத்திலிருந்து லொறிகள் ஏறி வந்தன. எங்கோ, நாங்கள் பார்த்தே இராத ஓர் ஊரில், குண்டு வெடித்திருந்தது. அதற்குத் தமிழர்களைப் பழிதீர்க்க ஒரு கும்பல் எங்கள் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்தது. பேக்டரிக் காவல்காரர் முதலில் பார்த்தார். எச்சரிக்க வேறு வழி இல்லை. சங்கை இழுத்துவிட்டார்.

அதுதான் வினையானது. சங்கு ஊதினால் எங்கள் ஆட்கள் பெரட்டுக்களத்துக்குப் போவார்கள். தினமும் காலையில் அங்கே வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். பிந்தினால் அன்று வேலை இல்லை. தலைமுறை தலைமுறையாகக் காலில் ஏற்றிய பயம். ஞாயிறு மாலை என்று யாரும் யோசிக்கவில்லை. தோட்டத்துத் துரை கூப்பிடுகிறார் என்று இறங்கினார்கள். களம் ரோட்டோரம். லொறிகள் வருகிற அதே ரோடு.

அப்பாவுக்கு மட்டும் விளங்கியது. எங்கள் தோட்டத்திலிருந்து இந்த நாட்டின் பட்டாளத்துக்குப் போனவர் அவர் ஒருவர்தான். வடக்கில் கண்ணிவெடியில் இடது காலை இழந்து வீடு வந்தார். மொண்டிப் பட்டாளம் என்று லயத்தில் கேலி செய்வார்கள். "மொண்டின்னாலும் பட்டாளம்தான். சலூட் அடிங்கடா" என்பார். அம்மா கொழுந்து பறிக்கப் போனபின் ரொட்டி சுடுவார். எனக்குத் தலை பின்னுவார். பள்ளிச் சட்டையைக் கரிப்பெட்டியால் தேய்ப்பார், பட்டாளத்து மடிப்பு வைத்து. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு நாளும் கசங்கிய சட்டையோடு போனதில்லை.

தேயிலைக்குள் படுத்தபடி பார்க்கிறேன். அப்பா களத்தை நோக்கிப் போகிறார். பொய்க்காலை மாட்ட நேரமில்லை. ஊன்றுகட்டையில் தாவித் தாவிப் போகிறார்.

"பெரட்டுக்குப் போகாதீங்க! தேயிலைக்குள்ள படுங்க! தலையத் தூக்காதீங்க!"

கங்காணி முத்தையா மாமா மறித்தார். சங்கு ஊதினால் போகத்தான் வேண்டும், தடுக்க நீ யார் என்று கத்தினார். அப்பா அவரைக் கட்டையால் மழைத்தண்ணீர்க் கானுக்குள் தள்ளிவிட்டார். மற்றவர்கள் சிதறினார்கள். படுத்தார்கள். முத்தையா மாமா இன்றும் உயிரோடு இருக்கிறார்.

முதலில் போத்தல் உடையும் சத்தம். பிறகு தீ. கூரைத் தகரம் சூட்டில் முறுக்கிக்கொண்டு படார் படாரென்று வெடித்தது. லெட்சுமி அக்காவும் ராமையா தாத்தாவும் முன்பே களத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அப்பாவின் குரல் அவர்களுக்கு எட்டவில்லை.

காலையில் சீருடைக்காரர்கள் வந்தார்கள். எரித்தவர்களைத் தேடவில்லை. அப்பாவைத் தேடினார்கள். ஆபத்து வருவது இவனுக்கு எப்படித் தெரியும்? படுக்கச் சொல்ல யார் சொல்லிக்கொடுத்தது?

அப்பா ஒற்றைக் காலில் விறைப்பாக நின்றார். சிங்களத்தில் சொன்னார்.

"நீங்கதான் சேர் படிச்சுக் குடுத்தீங்க."

ஏற்றிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்தபோது மழைக்காலம். விலா எலும்புகள் கோணலாக ஒட்டியிருந்தன. இருமினால் இரத்தம் வந்தது. அந்த இருமலோடு என் சட்டைகளைத் தேய்த்தார். நான் பல்கலைக்கழகம் போகும்வரை தேய்த்தார். யாரையும் திட்டவில்லை. அவருக்கும் சேர்த்து நான் திட்டுகிறேன்.

இந்த வருடம் தை மாதம் அந்த இருமலிலேயே இறந்தார். பெட்டிமேல் போர்த்த அதிகாரிகள் இருவர் கொடி கொண்டுவந்தார்கள். நாட்டுக்குக் கால் கொடுத்தவர் என்று பேசினார்கள். விலாவைப் பற்றிப் பேசவில்லை. கொடியை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அப்பா சொல்லித்தந்த மடிப்பு. ஒரு சுருக்கம் இல்லை.

எரிந்தது ஒரு லயம். பன்னிரண்டு காம்பிரா அறைகள். எங்கள் காம்பிராவில் அப்பாவின் பொய்க்கால், கரிப்பெட்டி, மறுநாளைக்குத் தேய்த்து வைத்திருந்த என் சட்டை. செத்தவர்கள் இரண்டு பேர் என்று விசாரணையில் எழுதினார்கள். பிழை.

லெட்சுமி அக்கா. ராமையா தாத்தா. என் அப்பா வேலாயுதம்.

மூன்று பேர்.