பின்னறைக்கு ஒரு புது மூக்கு

என் வயது அறுபத்தொன்று. தீப்பிடித்த வீடுகளை வாங்க நினைப்பவர்களுக்குப் பழுதுபார்க்கும் செலவைக் கணித்துக் கொடுப்பது தொழில். சந்தைக்குப் பின்புறத் தெருவில் மாடி வீட்டில் தனியாக வசிக்கிறேன். நான் மதிப்பிடச் சென்றிருந்த எரிந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அழுத்துவது என்ற முடிவை இன்று காலை பத்து நாற்பதுக்கு, சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு, முழுச் சுயநினைவுடன், எவருடைய தூண்டுதலும் இன்றி நானே எடுத்தேன்.

அந்த வீட்டை வாங்க விரும்பும் பேருந்து ஓட்டுநர் மாலைக்குள் செலவு தெரிய வேண்டும் என்று கூறியிருந்தார். காலையில் முன்னறைக் கூரை, மின்கம்பிகள், சமையலறை ஆகியவற்றுக்கு மதிப்பு எழுதி முடித்தேன். பின்னறை எரியவில்லை. ஆனால் சுவருக்குள் புகை வாடை இறங்கியிருந்தால் பூச்சு முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். "பின்னாடி ரூமும் போச்சுன்னா எனக்குக் கட்டாதுங்க, விட்டுடுவேன். புள்ளைங்க இன்னும் கொஞ்ச நாள் ஒண்டுக் குடித்தனத்துலயே இருக்கட்டும்" என்று ஓட்டுநர் சொல்லியிருந்தார்.

கரிக்குள் அரை மணி நேரம் நின்றவனுக்கு வாடை தெரியாது. வெளியிலிருந்து புது மூக்கு ஒன்று வர வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாக அதற்கு என் மனைவியை அழைத்துச் சென்றேன். அவள் அறை வாசலில் நின்று ஒருமுறை மூச்சிழுத்து, "இருக்கு" என்பாள், அல்லது "இல்ல" என்பாள். அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அதன்பின் மூன்று வீடுகளுக்கு, பாதுகாப்புக் கருதி, 'இருக்கிறது' என்றே எழுதினேன். மூன்றையும் எவரும் வாங்கவில்லை.

அதன்பின் மணியை அழுத்தினேன். தையல் வேலை செய்யும் அம்மா கதவைத் திறந்தார். "அம்மா, ஒரு நிமிஷம் வந்து ஒரு ரூமை மோந்து பாத்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். வேறு விதமாகக் கேட்டிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் என்னைப் பார்க்காமல், என் தலைக்கு மேலாக, எரிந்த வீட்டைப் பார்த்து, "ஐயையோ, மறுபடியும் பத்திக்கிச்சு!" என்று கத்திக் கதவைச் சாத்தினார்.

அதன்பின் பன்னிரண்டு நிமிடத்தில் அவர் அழைத்த தீயணைப்பு வண்டி வந்தது. நால்வர் குழாயுடன் உள்ளே சென்று, ஏற்கெனவே எரிந்ததைத் தவிர வேறெதுவும் எரியவில்லை என்று கூறித் திரும்பி வந்தனர். அதன்பின் தீயணைப்பு அதிகாரி அந்த அம்மாவைப் பின்வாசல் வழியாக அழைத்துவந்து பின்னறையைக் காட்டினார். அந்த அம்மா தலையை உள்ளே நீட்டி மூச்சிழுத்தார். பிறகு வெளியே நின்றிருந்த என் பக்கம் திரும்பி மூச்சிழுத்தார்.

"ரூம்ல ஒண்ணும் இல்ல சார். எல்லாம் இந்த அண்ணன்கிட்டதான். கரி மூட்டையக் கட்டிப் புடிச்சுத் தூங்குன மாதிரி."

சட்டையைத் துவைத்து எத்தனை நாள் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். நேற்றுதான் என்றேன்.

"வீட்ல யாரும் சொல்லலியாண்ணே?"

வீட்டில் வேறு எவரும் இல்லை என்று தெரிவித்தேன். அதன்பின் மதிப்பீட்டுத் தாளில், பின்னறைப் பூச்சுக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். பகல் ஒரு மணிக்கு, வீட்டை எடுத்துக்கொள்வதாக ஓட்டுநர் தொலைபேசியில் கூறினார். பொய்யாகத் தீ என்று சொல்லி எவரையும் அலைக்கழிக்கும் நோக்கம் எனக்கு இருந்ததில்லை.

மேலே உள்ளவை நான் சொன்னபடியே எழுதப்பட்டவை, அனைத்தும் உண்மை. தீயணைப்பு நிலைய எழுத்தர் இரண்டு ஜன்னல்களையும் திறந்து வைத்து, அறையின் மறுகோடியில் நின்று இதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

(கையொப்பம்)