படகுத்துறைப் பூனை

படகைக் காலை வெயிலில்தான் படம் எடுக்க வேண்டும். உச்சிவெயிலில் எடுத்தால் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் பல்லிளிக்கும். சாயங்காலம் எடுத்தால் தண்ணீர் கறுத்துத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தங்களுக்கு நீச்சல் தெரியாதது ஞாபகம் வந்துவிடும். காலையில் எடுத்தால் எவ்வளவு பழைய படகும் நேற்றுச் செய்தது போல இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே கற்றுக்கொண்டேன். என் தொழிலைப் பற்றி முதலில் கேட்டீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். மற்றதற்கும் வருவேன். ஒளிக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் படகுத்துறை என் தங்கையின் கணவருடையது. அவரை மாப்பிள்ளை என்றே சொல்லிவிடுகிறேன், பழகிவிட்டது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள விடுமுறைப் படகுகளை அவர் வாடகைக்கு விடுகிறார். படகோட்டி கிடையாது. குடும்பமாக வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லிக்கொடுத்துச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் ஆற்றோடு போய்ச் சில நாள் இருந்துவிட்டுத் திரும்புவார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் இப்படி ஒன்று இருப்பதே ஊருக்குத் தெரியாது. மாப்பிள்ளை படகு ஓட்டியதைவிட ஈ ஓட்டியதுதான் அதிகம்.

தங்கை ஒருநாள் வந்து அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். வீட்டின் பின்னறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, படகு விடுமுறைக்கென்று ஓர் இணையதளம் உருவாக்கினேன். இயந்திரம் சுற்றும்போது மேசையும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டத்திலேதான் ஒவ்வொரு படகுக்கும் ஒரு பக்கம் எழுதினேன். பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது. படுக்கை குறுகலாக இருந்தால் 'தம்பதிகளுக்கு நெருக்கமான படுக்கை' என்று போடுவேன். கூரை தலையில் இடிக்கும் என்றால் 'குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த படகு' என்பேன். இரண்டும் உண்மை.

தொலைபேசியை எடுப்பதற்கு முன் சிரிக்க வேண்டும், சிரிப்பு குரலில் கேட்கும் என்று தங்கைக்கும் சொல்லிக்கொடுத்தேன். மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். பிறகு, வருகிறவர்களுக்குப் படகு போதவில்லை. வாடிக்கையாளர்கள் போகும் இடத்திலிருந்து எனக்குப் படம் அனுப்புவார்கள். அப்படி வந்த ஒரு படத்தைத்தான் முகப்பில் வைத்திருந்தேன். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு சிறுமி, படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்து, முன்பல் இல்லாத வாயால் சிரிக்கிற படம். அந்தப் படம் கொண்டுவந்த கூட்டத்தை என் எழுத்து கொண்டுவந்ததில்லை. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

இப்போது வழித்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகுத்துறையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் நடுவில் ஒரு தீவு வந்து ஆறு இரண்டாகப் பிரியும். வலது கிளை ஆழமானது, அமைதியானது. இடது கிளை பார்க்க அதைவிட அழகு. இரண்டு கரையிலிருந்தும் மரங்கள் சாய்ந்து குடை பிடித்திருக்கும். ஆனால் ஒரு வளைவு தாண்டியதும் தடுப்பணை. மேலேயிருந்து வருகிறவர்களுக்கு அணை கண்ணில் படாது. தண்ணீர் நேராகப் போவது போலத்தான் இருக்கும், அப்புறம் தண்ணீர் இருக்காது. அதனால் இணையதளத்தில் வழி சொல்லும் பக்கத்தின் முதல் வரியே 'தீவு வந்ததும் வலப்பக்கம் மட்டும்' என்றுதான் இருக்கும். அந்தப் பக்கத்தை அச்சடித்து, லேமினேட் செய்து, ஒவ்வொரு படகிலும் ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கவிடுவோம். மாப்பிள்ளை ஒருநாளும் அதைப் படித்ததில்லை.

"படிக்கிறதெல்லாம் உங்க டிபார்ட்மென்ட் மச்சான். நீங்க எழுதினா நான் கண்ணை மூடிட்டு மாட்டிடுவேன்" என்பார். அதை அப்போது நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

தீவின் முனையில் ஓர் எச்சரிக்கைப் பலகையும் உண்டு. மழைக்குப் பிறகு கொடி ஏறி அதை மூடிவிடும். ஒவ்வொரு பருவமும் தொடங்கும் முன் நானே அரிவாளோடு போய்க் கொடியை வெட்டிவிட்டு வருவேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை. என் எழுத்தை நம்பி வருகிறவர்கள் என்ற நினைப்பு.

தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து, எங்கள் தளம் தேடலில் எத்தனையாவதாக வருகிறது என்று பார்ப்பேன். அன்றும் முதலாவதாகத்தான் இருந்தது. அதற்கு நேர் கீழே இன்னொன்று. எங்கள் பெயரோடு 'புதிய' என்று ஒரு சொல் சேர்த்திருந்தார்கள். திறந்தேன். என் வாக்கியங்கள், என் படங்கள். முன்பல் இல்லாத சிறுமியும் அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள். எவனோ திருடன் என்று நினைத்து, அதில் போட்டிருந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

"வணக்கம், படகு விடுமுறை. சொல்லுங்க" என்றது ஒரு குரல். குரலில் சிரிப்பு இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த சிரிப்பு.

அப்புறம்தான் என் எண்ணைக் கவனித்திருப்பாள். அவளே கேட்டாள், "அண்ணா, நீயா?"

பிறகு ஏதேதோ சொன்னாள். அவர்தான் தனியாகத் தொடங்கலாம் என்றாராம், உனக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றாராம். நான் ஃபோனை வைத்தேன். காபி ஆறி ஆடை படிந்திருந்தது. கூடவே இருந்து குழி பறிப்பது என்று பேச்சுக்குச் சொல்வோம் இல்லையா, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு மாப்பிள்ளைமேல் அவ்வளவு வருத்தமில்லை. அவர் வந்த உறவு. இவள் என் தோளில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள்.

நேரில் போனேன். சண்டை போடவில்லை, படகுத்துறையில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். மாப்பிள்ளை நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். பிறகு சொன்னார்: "தொழில் வேற, சொந்தம் வேற மச்சான். படகு என்னுது, துறை என்னுது. உங்களுது என்ன, வெறும் எழுத்துதானே." தங்கை டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பி வரவில்லை.

வெறும் எழுத்து. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். இன்றுவரை வேறெதுவும் எனக்கு அவ்வளவு வலித்ததில்லை, இங்கே நீங்கள் என்னை உட்கார வைத்திருப்பதுகூட.

அதே ஆற்றில் இன்னும் மேலே வேறொருவருக்குப் படகுத்துறை இருக்கிறது. அவர் படகுகளை என் தளத்தில் போட்டுத் தொழிலைத் தொடர்ந்தேன். மாப்பிள்ளை வைத்திருந்த வெப் டிசைனர் சோம்பேறி. நான் என் தளத்தில் எதை மாற்றினாலும் மறுநாள் அங்கேயும் தானாக மாறும்படி ஏதோ செய்து வைத்திருந்தான். ஒருமுறை நான் எழுத்துப்பிழை திருத்தினேன், அங்கேயும் திருந்தியது. அவர்களுக்கு நான் சம்பளமில்லாத வேலைக்காரன். வக்கீலிடம் போக வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும். என் எழுத்தைத் திருடுகிறார்கள் என்று காட்ட, என் பக்கத்தில் தவறாக ஒன்றை எழுதி, அது அங்கே போவதைப் பிடிக்க வேண்டும். இது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

அப்படித்தான் வழி சொல்லும் பக்கத்தில் கை வைத்தேன். 'தீவு வந்ததும் இடப்பக்கம் செல்லவும். இந்தப் பருவத்திலிருந்து திறக்கப்பட்டுள்ளது. நிழல் குடை பிடித்த வழி, அவசரமே வேண்டாம்' என்று எழுதினேன். எங்கள் படகு ஒன்றுகூட ஆற்றில் இல்லாத நாளாகப் பார்த்து எழுதினேன். மறுநாள் அது அந்தத் தளத்தில் ஏறியதைப் பார்த்தேன். உடனே என் தளத்திலிருந்து அங்கே நகல் போகும் வாசலை அடைத்தேன். அந்த டிசைனரால் இனி என் தளத்திலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது. அது ஆன பிறகுதான் என் பக்கத்தை மறுபடி 'வலப்பக்கம் மட்டும்' என்று மாற்றினேன். என் வாடிக்கையாளர்கள் விஷயத்தில் நான் கவனமாகவே இருந்தேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

புதுப் பெயர் போட்ட வழித்தாள்கள் அச்சடிக்கிறார்கள் என்று என் மனைவி வந்து சொன்னாள். பெண்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. மாப்பிள்ளை வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டியிருப்பார். பருவம் தொடங்க இருந்தது. தீவு முனைப் பலகையில் கொடி ஏறியிருக்கும். அரிவாள் கதவுக்குப் பின்னால் தொங்கியது. இந்த வருடம் அது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் அந்த அம்மாவின் ஃபோன். முகப்புப் படச் சிறுமியின் தாய். வருடம் தவறாமல் எங்களிடம் வருகிறவர்கள். அவர் கணவர் எப்போதும் ஒரு கேப்டன் தொப்பி போட்டுக்கொண்டுதான் படகில் ஏறுவார், எங்கள் வீட்டில் அவருக்குத் தொப்பிக்காரர் என்றே பெயர். அவர்கள் பெயர் என் பதிவுகளில் இல்லையே என்று நினைத்துக்கொண்டே பேசினேன்.

"அண்ணா, நாளைக்குக் கிளம்புறோம். உங்க சைட்ல பாத்தேன், இந்தத் தடவை தீவுக்கு இடப்பக்கம் போகலாம்னு போட்டிருக்கு. போன வருஷம் கூடாதுன்னீங்களே, அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. பொண்ணு வேற, படகுத்துறைல ஒத்தக்கண் பூனை இருக்காம், அதுக்குன்னு பிஸ்கட் வாங்கி வெச்சிருக்கா."

எந்தத் தளத்தில் பதிவு செய்தார் என்று கேட்டேன். சொன்னார். 'புதிய' என்று இருந்ததாம், நீங்கள்தான் புதுப்பித்திருக்கிறீர்கள் என்று நினைத்தாராம். இத்தனை வருடம் வந்து போனவர்களுக்கு என் தளம் எது, திருட்டுத் தளம் எது என்று தெரியவில்லை. இவர்களுமா என்று மனசு விட்டுப்போயிற்று. அதற்காக நான் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க எங்ககிட்ட புக் பண்ணலையேம்மா. பண்ண இடத்துல கேட்டுக்கோங்க, அதுதான் முறை" என்றேன்.

"சரிண்ணா, அவங்க போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். நல்லபடியாகப் போய்வரச் சொன்னேன். சொல்லும்போது சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன், பழக்கதோஷம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவை ஒரு மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தபோது மீட்டார்கள். தொப்பிக்காரரும் சிறுமியும் அணைக்குக் கீழே கிடைத்தார்கள். அன்று மாலையே மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அவர் கையெழுத்துப் போட்டு மாட்டிய தாள், அவர் படகு. ஒரு மாதம் அவர் உள்ளே இருந்தபோது நான் தங்கைக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினேன்.

என்னைக் காட்டிக்கொடுத்ததும் அவள்தான். விபத்துக்குப் பிறகு அந்தத் தாளை ஆயிரம் தடவை படித்திருக்கிறாளாம். என் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னாள், "'அவசரமே வேண்டாம்'. இப்படி உன்னைத் தவிர யாருண்ணா எழுதுவா?" அதை அவள் கணவர் எழுதினார் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். என் எழுத்தை அவள் அவ்வளவு தெரிந்து வைத்திருந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. நேரே உங்களிடம் வந்துவிட்டாள். அவள் எனக்குக் குழி பறித்தது இது இரண்டாவது முறை.

ஆதாரத்துக்காகச் செய்தேன் என்று சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, பூனையைப் பற்றிக் கேட்டீர்கள். படகுத்துறையில் பூனையே கிடையாது என்பதை விசாரித்துவிட்டீர்கள். ஆமாம், கிடையாது. ஒற்றைக்கண், பழுப்பு நிறம், பிஸ்கட் என்றால் உயிர், எல்லாம் நான் கட்டிவிட்டது. வழி சொல்லும் பக்கத்தைத் தொடுவதற்குச் சில வாரம் முன்னால் எழுதினேன். மறுநாளே அங்கேயும் வந்து உட்கார்ந்தது, ஒரு முடிகூட உதிராமல். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள், இதைக் கொண்டுபோய் வக்கீலிடம் காட்டுங்கள் என்றாள். வக்கீலும் பார்த்தார். இது ஒன்றே போதும் என்றார்.

பிறகு எதற்கு இரண்டாவது பொய் என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் இங்கே உட்கார்ந்து அதை யோசித்துப் பார்த்தேன். பூனை நல்ல ஆதாரம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பூனையால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காதே.