குப்பைத் தொட்டிக்குள் நின்ற மோட்டர்

…அதைத்தான் தம்பி நானும் கேக்கிறன். கவுன்சில்காரன் வீலி பின் எண்டு அந்தச் சில்லு வைச்ச தொட்டியைத் தந்தது குப்பை போடவோ, வள்ளத்து மோட்டரை நிப்பாட்டி வைக்கவோ? காலமை குப்பை லொறியிலை வந்தவன் கேற்றடியிலை நிண்டு எட்டிப் பாத்தான். தொட்டிக்கை ஐஸ், ஐஸுக்கை மோட்டர், பக்கத்திலை சாரத்துக்கு மேலை ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு எங்கடை மனுசன். அவன் எங்கடையைத் தொடேல்லை. உங்கடை தொட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு போட்டான். எங்கடை குப்பை முழுக்க பக்கத்துச் சந்துக்கை பையிலை கிடக்கு. அதையும் ராத்திரி நரி வந்து பிச்சுப்போட்டுது. உந்த வால்தம்ஸ்டோ நரியளுக்கு எங்கடை மீன்தலையிலை அப்பிடி ஒரு ஆசை.

நில்லுங்கோ, நில்லுங்கோ. உங்கடை ரெயில் எங்கையும் ஓடிப்போகாது, ஒண்டு போனால் மற்றது வரும். ஓ… நீங்கள் இந்தியாக்காரர் எல்லே, நான் கதைக்கிறது விளங்குதோ? தலையாட்டுறியள். அப்ப சரி. என்ரை பேர் செல்வமலர். இவரை வேலையிலை நித்தி எண்டு கூப்பிடுவினம், முழுப்பேர் நித்தியானந்தன். நீங்கள் எஞ்சினியர் எண்டு உங்கடை மனுசி ரஞ்சனா சொன்னவ. கம்ப்யூட்டரோ? பரவாயில்லை, என்னவோ ஒரு எஞ்சின் தானே.

இவற்றை கதையைக் கேளுங்கோ. முன்னுக்கு ட்ரெயிலரிலை நிக்குதெல்லே, நீலப் பெயின்ற் அடிச்ச வள்ளம், கார் விட வேண்டிய இடத்திலை? அதுதான் இவற்றை மூத்த பெஞ்சாதி. கிழமையிலை ஆறு நாள் பெற்றோல் செட்டிலை அந்தக் கண்ணாடிக் கூட்டுக்கை இருக்கிற மனுசன். வீட்டை வந்தால் வாயே திறவாது. சோத்தைப் போட்டால் தின்னும், ரீவியைப் போட்டால் பாக்கும். ஞாயிற்றுக்கிழமை காரிலை வள்ளத்தைக் கொழுவிக்கொண்டு சவுத்எண்டுக் கடலுக்குப் போட்டு வந்தால் மட்டும், வாசல்லையே பாட்டுத் தொடங்கீடும். மீன் பிடிபட்டாலும் பாட்டு, பிடிபடாட்டிலும் பாட்டு. குரல் சகிக்கேலாது, அது வேறை கதை.

ஆ, மோட்டர். வள்ளத்துக்குப் பின்னாலை கொழுவுறது. உப்புத் தண்ணியிலை ஓடினதுக்குப் பிறகு நல்ல தண்ணியிலை ஓடவிட்டுக் கழுவ வேணுமாம். அதுக்குத்தான் வீலி பின். தொட்டிக்கை தண்ணி நிரப்பி, பலகையிலை மோட்டரைக் கொழுவி, அதின்ரை அடிக்கால் மட்டும் தண்ணிக்கை நிக்க, கயித்தை இழுத்து ஸ்ரார்ட் பண்ணினால்… அந்தச் சத்தத்துக்குத்தானே போன மாசம் நீங்கள் ஜன்னலைத் திறந்து பாத்தனீங்கள். நான் கண்டனான். கழுவினோடனை மோட்டரைத் தூக்கி நேரா நிப்பாட்டி, தண்ணி முழுக்க வடிய விட வேணும். பிறகு அடியிலை இருக்கிற பழைய ஒயிலை வடிச்சுப் புது ஒயில் விட வேணும். சும்மா நாளிலை ஆறுதலாச் செய்யலாம். இந்தக் குளிருக்கை செய்யாமல் விட்டால், உள்ளுக்கை நிக்கிற தண்ணி உறைஞ்சு ஊதி, இரும்பையே வெடிக்கப் பண்ணிப்போடுமாம். உதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறியளோ? எத்தினை வரியமா இந்தக் கதையையே கேட்டுக்கொண்டிருக்கிறன். குசினிக்கை பாருங்கோ, தேங்காயெண்ணைப் போத்தலுக்குப் பக்கத்திலை மோட்டர் ஒயில். ஒருநாள் தலைக்கு வைக்கப் பாத்தனான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை கடலாலை வந்து கழுவினவர். தூக்கேல்லை. அப்பிடியே தண்ணிக்கை விட்டிட்டார். ராத்திரி அடிச்ச குளிர் உங்களுக்கும் தெரியும்தானே, ரஞ்சனா போற காரின்ரை கண்ணாடியை நீங்கள் பாங்க் காட்டாலை சுரண்டினதைக் கண்டனான். காலமை போய்ப் பாத்தால் தொட்டி முழுக்க ஒரே ஐஸ். மோட்டர் அதுக்கை அசையாமல் நிக்குது. சுடுதண்ணி ஊத்துவம் எண்டு நான் கேத்திலோடை ஓடினன். "விசரி, வெடிக்கும்" எண்டு கத்தினார். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணி. வாளி வாளியாக் காவிக் காவி என்ரை கை விட்டுப்போச்சு. இண்டைக்கு வேலைக்கும் போகாமல், இப்பத்தான் ஒருமாதிரிக் கழட்டி எடுத்தவர்.

இல்லைத் தம்பி, முடியேல்லை. இப்பத்தான் விசயமே. அடியிலை இருக்கிற ஸ்குறூவைக் கழட்டிப் பாக்கப் போறார். ஒயில் தேன் மாதிரி வந்தால் தப்பிச்சம். பால்த்தேத்தண்ணி மாதிரி வந்தால் தண்ணி உள்ளுக்கை போயிட்டுதெண்டு அர்த்தம், மோட்டர் முடிஞ்சுது. அப்பிடியெண்டால் வள்ளத்தையும் ஆருக்காவது குடுத்துப்போட்டு இனி வீட்டிலை இருக்கப்போறாராம். காலமை அந்த ஐஸைப் பாத்துக்கொண்டு சொன்னார். கோவமாச் சொல்லியிருந்தால் நான் பயப்பிட மாட்டன். மெல்லமாச் சொன்னார்.

எனக்கு அதைப் பாக்கேலாது. அதுதான் இஞ்சை வந்து உங்களைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறன், குறை நினையாதேங்கோ. "வள்ளத்தை வில்லுங்கோ, வள்ளத்தை வில்லுங்கோ" எண்டு கத்தினதும் நான்தான். ஆனா ஞாயிற்றுக்கிழமையும் அந்த மனுசன் பேசாமல் ரீவிக்கு முன்னாலை இருந்தால் நான் என்ன செய்யிறது? வீட்டிலை ஒரு சத்தமாவது வேணுமெல்லே.

ஏன் தூக்காமல் விட்டவரோ? …நல்ல கேள்வி. ஏன் விட்டவர் எண்டால்… ராகுகாலம் தம்பி. சிரியாதேங்கோ. இவர் வேறை எதையும் நம்ப மாட்டார், கோயிலுக்குக் கூப்பிட்டால் கார் பார்க்கிலை இருப்பார். வள்ளம் எண்டால் மட்டும் தேசிக்காய், அதுதான் உங்கடை எலுமிச்சம்பழம், வெட்டாமல் தண்ணியிலை இறக்க மாட்டார். மோட்டருக்குச் சந்தனப் பொட்டு வைச்சிருக்கிறார், போய்ப் பாருங்கோ. "ராகுகாலம் தொடங்கீட்டுது, புது ஒயிலைத் திறவாதேங்கோ" எண்டு உள்ளையிருந்து சொன்னால் போதும், ஒரு கேள்வி இல்லை, சாமானை அப்பிடியே போட்டிட்டு உள்ளை வந்திடுவார். வந்தார். சூடா ஒடியல்கூழ் குடுத்தன், குடிச்சார். படுத்தார். எழும்பேக்கை இருட்டு, மறந்துபோனார்.

கலண்டரோ? ஓம், கலண்டர் இருக்கு, மளிகைக்கடையிலை தந்தது, குசினிக்கை தொங்குது. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் பின்னேரம் நாலரைக்குத் தம்பி. நான் கூப்பிட்டது மத்தியானம்.

அப்பிடிப் பாக்காதேங்கோ. ஜன்னலாலை பாத்தன், கையுறையும் இல்லாமல் நிண்டு ஸ்பானர் பிடிச்ச கை நீலமாப்போய்க் கிடந்துது. போன மாரிக்கு நெஞ்சுச் சளியோடை படுத்த மனுசன். "உள்ளை வாங்கோ, குளிரும்" எண்டால் வருவாரோ? "இந்தா முடிஞ்சுது" எண்டுதான் சொல்லுவார். ராகுகாலம் எண்டால்தான் வருவார். வேறை என்ன வழி? நீங்களே சொல்லுங்கோ. ரஞ்சனாவுக்குச் சொல்லாதேங்கோ, அவ இவரைக் கண்டால் நல்லாக் கதைக்கிறவ, வாய் தவறிச் சொல்லிப்போடுவா.

பொறுங்கோ, கூப்பிடுறார்.

என்னப்பா? …ஓம், நிக்கிறன், சொல்லுங்கோ. …என்ன கலர்? …வடிவாப் பாத்தனீங்களோ? வெளிச்சத்திலை பிடிச்சுப் பாருங்கோ… தேன் மாதிரியோ?

தேனாம் தம்பி. ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லையாம். பொறுங்கோ, கண்ணைத் துடைக்கிறன். இது சும்மா குளிருக்கு வாறது. இல்லை, பொய் சொல்லுறன், சந்தோசம்தான்.

என்னப்பா சொல்லுறியள்? …ஆ… ஓம்… சரி…

கேட்டனீங்களோ என்ன சொல்லுறார் எண்டு? நேற்று நான் மறிச்சது நல்லதாப் போச்சாம். ராகுகாலத்திலை திறந்திருந்தால் இண்டைக்கு மோட்டரே மிஞ்சியிராதாம். இனி என்ரை சொல்லைக் கேக்காமல் வள்ளத்திலை கையே வைக்க மாட்டாராம். வாற ஞாயிற்றுக்கிழமை சவுத்எண்டுக்கு வெளிக்கிட நல்ல நேரம் எது எண்டு கலண்டரைப் பாத்துச் சொல்லட்டாம். வழக்கமா விடிய முதல் போற மனுசன்.

தம்பி, எங்கை ஓடுறியள்? ரெயிலோ? சரி சரி, போட்டு வாங்கோ, வழுக்கும், பாத்து நடவுங்கோ. ஒண்டு மட்டும் சொல்லீட்டுப் போங்கோ. உங்கடை கம்ப்யூட்டரிலை வெதர் பாக்கலாமெல்லே? ஞாயிற்றுக்கிழமை எத்தினை மணிக்கு வெயில் எறிக்கும் எண்டு பாத்து ரஞ்சனாட்டைச் சொல்லிவிடுங்கோ. அதுதான் நல்ல நேரம்.