மீசை வரைந்த சீட்டு

என் கையெழுத்து அழகாக இருக்கும், சார். எல்லாம் ஒரு சீட்டில் தொடங்கியதால் அதை முதலில் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியின் கணினி அறையில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். "நீண்ட வேலையை 'ஸ்க்ரீன்' என்ற நிரலுக்குள் ஓட்டவும். இணைப்பு அறுந்தாலும் திரும்ப வந்து பிடித்துக்கொள்ளலாம்" என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். புதிதாக வேலைக்கு வந்த பையன், சுட்டி என்று கூப்பிடுவோம், அதன்மேல் ஒரு வழுக்கைத் தலையும் மீசையும் வரைந்தான். அடியில் 'தாத்தா மந்திரம்' என்று எழுதினான். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். கடைத்தெருவில் வளர்ந்தவன், பல்லைக் காட்டிக்கொண்டே மனதில் விலை போடத் தெரியும்.

அன்று காலை சுட்டி சொன்னான்: "அண்ணே, சாயங்காலம் எங்க அக்காவுக்கு ஆபரேஷன். ஆறாம் வார்டு. பென்சிலின் ஆகாது, ஆனா அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே. தப்பா எழுதினா அதுவே கத்தும்."

மதியம், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்ற அந்தக் குறிப்புகளைத்தான் அவன் புது மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். அவன் ஓட்டிய வேலை வார்டு வார்டாக நகலெடுக்கும், உடனே பழையதை அழிக்கும். புது மெஷினில் இடம் தீர்ந்தது. நகல் நின்றது, அழிப்பு நிற்கவில்லை. அதை அவன் பார்த்த நேரத்தில் இணைப்பு அறுந்தது.

"அண்ணே, மறுபடி உள்ள போய் 'ஜாப்ஸ்' போட்டேன். காலியா இருக்கு. செத்துடுச்சுல்ல?"

காலியாகத்தான் இருக்கும். 'ஜாப்ஸ்' காட்டும் வேலைப் பட்டியல் அறுந்த இணைப்போடு போய்விடும். வேலையையோ, அறுந்தாலும் சாகாதபடி அவனே தொடங்கியிருந்தான். திரும்பப் பிடிக்க மட்டும் வழி வைக்கவில்லை. நான் மொத்த மெஷினிலும் தேடி அந்த வேலையின் எண்ணைக் கண்டுபிடித்தேன். நிறுத்தச் சொல்லி ஒரே வரி அடித்தேன். அப்படியே உறைந்து நின்றது. நான்காம் வார்டின் குறிப்புகள் நகலில்லாமல் அழிந்துபோயிருந்தன. ஐந்திலிருந்து எல்லாம் பத்திரம்.

"சாகலை. என் கையில இருக்கு," என்றேன். "அந்தச் சீட்டு சரின்னு மேனேஜர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

நியாயமான விலை, சார். பேரம்கூடப் பேச வேண்டாத விலை.

மேனேஜரைக் கூட்டிவந்தான். வாசலிலேயே ஆரம்பித்தான்: "சார், தாத்தா மந்திரம் போட்டுக் கட்டி வச்சுட்டாரு. நான் தோப்புக்கரணம் போட்டாத்தான் மனசு குளிருமாம்."

"வயசான காலத்துல ஆசையைப் பாரு," என்றார் மேனேஜர். மறுபடி அதே சிரிப்பு.

விலை படியவில்லை. சரக்கை நான் ஏன் சுமக்க வேண்டும்? இன்னொரு வரி அடித்தேன். நின்றது ஓடத் தொடங்கியது.

"நிறுத்தியாச்சாண்ணே?"

"நான் பாத்துக்கறேன். நீ போய் அக்காவைப் பாரு."

அன்பாகத்தான் சொன்னேன். ஐந்து போனது. ஆறு போனது. கடைசி வார்டு வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுப்பில்லாதவன் எழுந்து போயிருப்பான். சாயங்காலம் பென்சிலின் எழுதினார்கள். கம்ப்யூட்டர் கத்தவில்லை. அக்காவோ மயக்கத்தில் இருந்தாள், வாய் திறந்து சொல்ல முடியாது.

நிறுத்திய வரி, ஓடவிட்ட வரி, இரண்டும் என் பெயரில்தான் பதிவாகியிருக்கும். மறுக்கவில்லை. ஆறாம் வார்டில் யார் படுத்திருந்தார் என்பதும் தெரிந்துதான் ஓடவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் சீட்டில் இருந்தது சரிதானே, சார்? இப்போதாவது அந்த மீசையை யாராவது அழித்தார்களா?